நம் வீட்டில் இல்லாத தறி

அன்புள்ள அபிக்கு,

பொருளாதார முனைவர் படிப்புக்கு நீ எழுதிய விண்ணப்பக் கட்டுரையைப் படித்தேன். "தறிச் சத்தத்தில் வளர்ந்தவள் நான்" என்று தொடங்கியிருக்கிறாய். காஞ்சிபுரம் என்றால் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள் என்று நினைத்திருப்பாய்.

அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "நம்ம வூட்ல ஏது தறி? எனக்குத் தெரியாம எப்பம்மா வித்த?" என்று சிரித்தார். பிறகு வெளியே போய், துடைத்து வைத்த ஆட்டோவையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

கோயிலுக்கு வருகிறவர்களைப் பட்டுக்கடைக்கு அழைத்துப் போனால் அவருக்குக் கமிஷன் உண்டு. அது புடவை வாங்குகிறவர் காசா, நெய்கிறவர் காசா என்று பள்ளியில் படிக்கும்போது கேட்டாய். எம்.ஏ. பொருளாதாரம் படித்த எனக்குப் பதில் தெரியவில்லை. அதை ஆராயப் போவதாக எழுது.

உதவித்தொகை கிடைத்தால்தான் நீ போக முடியும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அப்பா இருக்கிற கட்டுரையை அனுப்பு.

அம்மா