ஆம்பூரில் மட்டும் ஜெயித்த கேப்டன்

அக்கா,

கம்பெனிக்கு எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த சினிமா போஸ்டரை இன்று காலை ஒரு ஆடு தின்றுகொண்டிருந்தது. பசை இன்னும் காயவில்லை. மைதா வாசனையும் தோல் வாசனையும் கலந்து அடித்தது. படத்தில் இருந்தவரை முழங்கால் வரைக்கும் ஆடு தின்ற பிறகுதான் நான் முகத்தைப் பார்த்தேன். நம் கேப்டன். அந்த இங்கிலீஷ் விண்வெளிப் படத்தின் இரண்டாம் பாகம் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு மறுபடியும் ஆம்பூருக்கு வந்திருக்கிறது.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்போது வருகிறது. சந்தோஷம் வரவில்லை அக்கா, எரிச்சல்தான் வந்தது.

எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்று, ஷூவின் மேல்பாகம் தைக்கிற இந்தக் கம்பெனியில் என்னை உன் பக்கத்து மிஷினில் உட்காரவைத்தபோது நான் யாரோடும் பேசமாட்டேன். "இந்தப் பொண்ணுக்கு வாய் இருக்குதா, இல்ல அதையும் சேர்த்துத் தெச்சிட்டாங்களா?" என்று நீ செக்‌ஷன் முழுக்கக் கேட்கும்படி கேட்டாய். எல்லோரும் சிரித்தார்கள். அன்று மத்தியானம் உன் குழம்பில் பாதியை என் தட்டில் ஊற்றினாய். நான் அப்போதும் பேசவில்லை. அதற்காக நீ கோபித்துக்கொள்ளவும் இல்லை.

முதல் பாகத்துக்கு வேலூருக்குக் கூட்டிப்போனதும் நீதான். லாங் பஜாரில் ஜாக்கெட் துணி எடுத்த கையோடு தியேட்டருக்குள் இழுத்துக்கொண்டு போனாய். எனக்கு அதுதான் முதல் இங்கிலீஷ் படம். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் நீ விடவில்லை. எதிரி ராஜா வாயைத் திறக்கும்போதெல்லாம், "டேய் கேப்டன், ஜாஸ்தி பேசாத, கப்பலை வெச்சிட்டு ஓடிப்போ" என்று நீயே பேசினாய். முன்வரிசையில் இருந்தவர் திரும்பி, "படத்தைப் பார்க்க வுடும்மா" என்றார். "நான் சொல்லலன்னா உனுக்கு இன்னா புரியும்? சும்மா கேளு" என்றாய். அதற்குப் பிறகு அவரும் சிரித்துச் சிரித்துக் கேட்டார். கேப்டன் ஜெயித்தார், தியேட்டரே கை தட்டியது. ஆனால் திரும்பி வரும்போது, பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் எனக்குப் பாதிக் கதை மறந்துவிட்டது. கப்பல் மட்டும் ஞாபகம் இருந்தது, ஒரு தமாஷ் சமையல்காரனும்.

இரண்டாம் பாகத்தை நீ தனியாகப் பார்த்தாய். உன் இதயத்தில் வால்வு சரியில்லை என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றைக்கு, நேராக வீட்டுக்கு வர மனமில்லாமல் தியேட்டருக்குப் போயிருக்கிறாய். மறுநாள் கண் வீங்கியிருந்தது. டாக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்டால், நீ படத்தைச் சொன்னாய்.

"ரெண்டாவதுதான்டி படம். மொதல்ல பார்த்தது சும்மா வாணவேடிக்கை."

"ஏன்க்கா?"

"கேப்டன் தோத்துட்டான்."

"தோத்தா எப்படிக்கா நல்ல படம்?"

"தோத்தாத்தான் கூட யாரு நிக்கிறான்னு தெரியும்."

முடிவு என்ன என்று எவ்வளவு கேட்டும் நீ சொல்லவில்லை. "நான் சொன்னா அது என் படம். நீயே பாரு, அப்பத்தான் உன் படம்" என்றாய். அந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது.

அது ஆம்பூருக்கு வந்ததும் நம் செக்‌ஷன் மல்லிகாவோடும் மற்றப் பெண்களோடும் போனேன். இங்கே கேப்டன் ஜெயித்தார் அக்கா. எதிரி ராஜாவை அடித்துத் தள்ளினார், விசில் பறந்தது, விளக்கைப் போட்டுவிட்டார்கள். மறுநாள் மல்லிகா மிஷினை நிறுத்திவிட்டு உன்னிடம் வந்தாள். "இன்னாக்கா, கேப்டன் தோத்துட்டான்னு ஊரெல்லாம் சொன்ன? வேலூர்ல மருந்து ஜாஸ்தி குடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள். செக்‌ஷனே சிரித்தது. எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிற நீ அன்று ஊசியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாய்.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அதை உன்னிடம் மெதுவாகச் சொன்னேன். படத்தின் நடுவில் அந்தக் கிரகத்துச் சேற்றில் கேப்டன் மாட்டிக்கொள்கிறார் அல்லவா, முதல் பாகத்தில் சிரிப்புக் காட்ட மட்டும் வந்த அந்தச் சமையல்காரன்தான் அவரை இழுத்து முதுகில் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். கேப்டனின் பூட்ஸ் ஒன்று சேற்றிலேயே போய்விடுகிறது. கணுக்காலில் இரட்டைத் தையல் போட்ட நல்ல பூட்ஸ், அதனால்தான் கவனித்தேன். ஆனால் கடைசிச் சண்டையில் இரண்டு காலிலும் பூட்ஸ் இருக்கிறது.

நீ நிமிர்ந்து பார்த்தாய். "அந்தச் சண்டை சேத்துக்கு முன்னாடிடி" என்றாய். "கடைசி ரீலை எடுத்துட்டு, சண்டை ரீலைக் கொண்டாந்து ஒட்டிட்டானுங்க." பிறகு சிரித்தாய், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. தியேட்டருக்குப் போய்க் கேட்கலாம் என்றாய். உனக்கு மூச்சு வாங்காத ஒரு நாள் வருவதற்குள் படம் மாறிவிட்டது. வேலூரிலும் எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நீ மாறிப்போனாய். ஜோக் குறைந்தது. சூப்பர்வைசரை முகத்துக்கு நேரே திட்டினாய். தோல் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை தாங்காமல் வெளியே போய் நின்றாய். படி ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாய். அதற்கு முன்னால் நீ யாரிடமும் எதையும் கேட்டதில்லை. ஒருநாள் உன் வீட்டில் மருந்து டம்ளரைச் சுவரில் எறிந்து, "எனக்கு மட்டும் இன்னாத்துக்கு?" என்று கத்தினாய். உன் அம்மா அழுதுகொண்டே தரையைத் துடைத்தார்கள். கடைசி நாள் நான் கிளம்ப எழுந்தபோது, "எங்கியும் போவாத. பயமா இருக்குது. கையப் புடிச்சிக்கோ" என்றாய். பிடித்துக்கொண்டேன். அப்படியேதான் போனாய்.

உனக்காக வைத்த ஜெபக் கூட்டத்தில் போதகர் என்ன சொன்னார் தெரியுமா? சிரித்த முகத்தோடு சமாதானமாகப் போனாள் என்றார். அம்மாவும் தலையை ஆட்டினார்கள். கம்பெனியிலும் இப்போது அதையேதான் சொல்கிறார்கள். நீ கிண்டல் செய்தது, சிரிக்கவைத்தது, அதோடு ஒரேயடியாகச் சிரித்த முகம். நடுவில் இருந்த உன்னை எடுத்துவிட்டார்கள். அப்படி இல்லை என்று எழுந்து சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

சிரிக்கவைத்த அக்காவை எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், கை தட்டுகிறவர்களில் ஒருத்தி. டம்ளரை எறிந்த அக்காவுக்குத்தான் என் தோள் வேண்டியிருந்தது. முதல் பாகத்தில் கேப்டன் ஜெயிக்கப்போகிறார் என்று முதலிலேயே தெரிந்துவிடுகிறது. அதனால் அவருக்குப் பயம் உண்டா, சமையல்காரனுக்குத் தைரியம் உண்டா என்று யாரும் பார்க்கவேண்டியதில்லை. கேப்டன் தோற்கிற படத்தில்தான் ஆட்கள் தெரிகிறார்கள். இதை நீ உயிரோடு இருக்கும்போது உன்னிடம் சொல்லியிருந்தால், "பாரு, வாய் தொறந்துடுச்சு" என்று கிண்டல் செய்திருப்பாய்.

இன்று சாயந்திரம் வேலை விட்டதும் தியேட்டருக்குப் போனேன். நான்தான் அக்கா, தனியாக. படம் ஓட்டுகிற ஆப்பரேட்டர் படிக்கட்டின் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"டிக்கெட்டு ஞாயித்துக்கிழமைதான் பாப்பா."

வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது ஒன்று, வாயில் வந்தது வேறு. "கேப்டனுக்கு ரெண்டு கால்லயும் பூட்ஸ் இருக்குது" என்றேன்.

"அதுக்கு இன்னா இப்ப?"

"சேத்துல ஒண்ணு போய்டுச்சே."

டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தார். "இவ்ளோ பேர் பார்த்தானுங்க, ஒருத்தன் கேக்கல. நீ இன்னா, பூட்ஸ் கம்பெனியா?"

"ஆமா."

முதல் நாள் கேப்டன் தோற்றதும் ஜனங்கள் நாற்காலிகளை உடைத்தார்களாம். "தோத்துட்டு வூட்டுக்குப் போறதுக்கா டிக்கெட் வாங்கறான்னு மொதலாளி கேட்டாரு. நான் இன்னா பண்றது?" என்றார். இந்தத் தடவையும் சண்டை ரீலோடு முடித்துத்தான் ஓட்டப்போகிறாராம். கடைசி ரீல் டப்பாவில் சும்மா கிடக்கிறதாம். எதற்குப் பார்க்கணும் என்று கேட்டார். ஒருத்தர் பார்க்கச் சொன்னார்கள், அவர் இப்போது இல்லை என்றேன். டீ டம்ளரைப் படியில் வைத்தார்.

"கூட்டம் போனதும் ஓட்டிக் காட்டறேன். ஆனா தனியா வராத, பெரியவங்க யாரையாச்சும் கூட்டிக்கினு வா. இல்லன்னா எனக்குப் பேஜார்."

என் அம்மா வரமாட்டாள். மல்லிகாவைக் கூப்பிட்டால் திங்கட்கிழமை செக்‌ஷன் முழுக்கத் தெரிந்துவிடும். அங்கிருந்து நேராக உன் வீட்டுக்குப் போனேன்.

உன் அம்மா சர்ச்சில் இருந்து வந்த ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். "என் பொண்ணு சிரிச்சிக்கினேதான் போனா" என்று சொன்னார்கள். நான் வாசல் ஓரமாகவே நின்றேன். அந்தப் பெண் கிளம்பிப் போனதும் உள்ளே போனேன்.

"அம்மா, அக்கா சிரிக்கல. நானும் கூட இருந்தேன்."

 அம்மா என்னைத் திட்டவில்லை. வந்தவர் குடித்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

"எனுக்குத் தெரியாதாடி? பயந்துட்டா என் பொண்ணு. துக்கம் கேக்க வர்றவங்க கிட்ட அதை எப்படிச் சொல்றது? அவங்களுக்கும் அது புடிக்கறதில்ல."

பிறகு அழுதார்கள். ஜெபக் கூட்டத்தில்கூட அப்படி அழவில்லை. அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ இன்னாத்துக்கு வந்த?" என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து என்னோடு ஒரு படத்துக்கு வரணும் என்றேன். வீட்டில் சாவு விழுந்து வருஷம் முடியவில்லை, நான் படத்துக்குப் போவதா என்றார்கள். அக்கா ஆஸ்பத்திரியில் இருந்து நேராகப் போய்ப் பார்த்த படம் என்றேன். அவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

"அவ பார்த்தாளா? இன்னா கதை?"

நான் கதவைச் சாத்திவிட்டு வந்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த இடம் வரைக்கும் சொன்னேன்.