டீச்சர் பேசும்போது

செவ்வாய்க்கிழமை இரவு, கிள்ளான், மலேசியா.

அம்மா இன்றும் ஆன்லைன் வகுப்புச் சோதனையில் தேறவில்லை. பாலர் பள்ளியில் கூட்டித் துடைக்கிறார். இந்த இலவச வகுப்பை முடித்தால், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளராக வைத்துக்கொள்வதாகத் தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார். கூடவே சேர்ந்த பக்கத்து வீட்டு ஆன்டி எப்போதோ விட்டுவிட்டார். அம்மாவும் விட்டுவிடுவாரோ என்று பயமாக இருந்தது. மாலையில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

வீடியோவில் ஆசிரியை வேகமாகப் பேசினார். அம்மா பாதி எழுதிய வரியை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்க ஓடினார்.

“நிறுத்தி நிறுத்தி எழுதும்மா. பட்டன் இருக்கே.”

“தெரியும் லா. டீச்சர் பேசிக்கிட்டிருக்கும்போது எப்படி நிறுத்துறது?”

“அது ரெக்கார்டிங்மா.”

“இருந்தாலும் மரியாதைன்னு ஒன்னு இல்லையா?”

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பல்கலைக்கழகத்தில் எத்தனையோ புரியாமல் போயிற்று. ஒரு நாளும் நான் கையைத் தூக்கிக் கேட்டதில்லை. யாரைப் போல என்று இன்றுதான் தெரிந்தது.

இதை எழுதும்போது ஹாலில் அந்தப் பாடம் மறுபடி ஓடுகிறது. நடுவில் அம்மாவின் குரல், மெதுவாக.

“டீச்சர், கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் இருங்க.”

சத்தம் நின்றுவிட்டது. எழுதுகிறார் போல.