ஆளுக்கு ஒரு நல்ல கை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அத்தையும் அவள் உடம்பு விடுகிற அளவுக்குச் சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு அடக்கமாக உடுத்திக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். கண்ணு, இந்த வாரம் நீ போன் பண்ணினபோதெல்லாம் அப்பா குளிக்கிறார் என்று அம்மா சொன்னாளே, அது பொய். அத்தனை தடவை குளித்திருந்தால் ஜன்னி கண்டு படுத்திருப்பேன். பக்கத்து அறையில் கட்டில்மேல் உட்கார்ந்து உன் குரலைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். திரையில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, நீ அனுப்பிய தைலத்தை விடாமல் தேய்க்கிறாள். என் முதுகுக்குக் கொஞ்சம் தேய்த்துவிடு என்றால் மட்டும் கை வலிக்கிறதாம். என்மேல் அவ்வளவு கோபம். நியாயமான கோபம்தான்.

போன மாதம் ஒரு படம் அனுப்பினேனே, நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கையை உயர்த்திப் பேசுகிற படம், அதை நீ சட்டம் போட்டு உன் மேஜைக்கு மேலே மாட்டியிருப்பதாக அம்மா சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நம் தெரு நிலைமை உனக்குத் தெரியாததல்ல. நாலு இரும்புப் பட்டறை, நாலிலும் மிஷின் இருக்கிறது, பிடிக்க ஆள் இல்லை. இளவட்டங்களை வெல்டிங் பழக வா என்றால் கண் போய்விடும் என்கிறார்கள், பைக்கில் ஏறிப் பொட்டலம் கொடுக்கப் போய்விடுகிறார்கள். மிச்சமிருக்கிற ஆட்களையும் நாங்களே ஒருத்தர் பட்டறையிலிருந்து ஒருத்தர் ஆசை காட்டி இழுத்துக்கொண்டிருந்தோம். தனித்தனியா நின்னா நாலு பேரும் முழுகிடுவீங்கப்பா, ஒண்ணா சேர்ந்து பெரிய வேலையா எடுங்க என்று நீதான் சொன்னாய். அந்த நேரம் பார்த்துத்தான் நம் ஊர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் கட்டடத்துக்குக் கூரைச் சட்டம் அடிக்க ஆள் கிடைக்காமல் சுவர் மட்டும் மொட்டையாக நின்றது. அதற்கான கூட்டத்தில்தான் நான் வாய் கிழியப் பேசினேன். நாலு பட்டறையும் சேரட்டும், ஆளுக்கு ஒரு நல்ல கையைக் கொடுப்போம், இருக்கிறதிலேயே நல்ல கை, மழைக்கு முன்னால் கூரை ஏறிவிடும் என்றேன். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. உன் யோசனையை என் யோசனை மாதிரி சொன்னேன், அதையாவது மகள் யோசனை என்று சொல்லியிருக்கலாம்.

நம் பட்டறையில் நல்ல கை என்றால் அது தீக்குச்சிதான், நீ பார்த்திருக்கிறாய், ஒல்லியாக இருப்பாள், உரசினால் பற்றிக்கொள்வாள், ஆனால் அவள் வைத்த பற்று ஆனை இழுத்தாலும் விடாது. வீடு வந்து சேர்வதற்குள் என் புத்தி கெட்டுப்போயிற்று. கல்யாண மண்டபத்துக்காரர் கேட்ட பெரிய கேட் பாதியில் நிற்கிறது, இவளையும் அனுப்பிவிட்டால் அதை யார் முடிப்பது என்று தோன்றியது. மறுநாள் மற்றவர்களிடம், அவளுக்கு மஞ்சள் காமாலை, எழுந்திருக்கவே முடியவில்லை என்று கூசாமல் சொல்லிவிட்டு உன் மாமாவை அனுப்பினேன். உன் மாமாவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, ஏணியில் நின்றுகொண்டே தூங்குகிற மனுஷன். அதோடு விட்டேனா? அவளிடம் போய், கூரைமேல் பொம்பளை ஏறுவது ஆஸ்பத்திரிக்காரர்களுக்குப் பிடிக்கவில்லையாம் என்றேன். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள் அன்றைக்குக் கறுப்புக் கண்ணாடித் தட்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனாள். எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை, அப்பாடா என்றுதான் இருந்தது.

அங்கே என்ன நடந்தது தெரியுமா, நான்தான் கெட்டிக்காரன் என்று நினைத்தால் மற்ற மூவரில் இருவர் எனக்கு அண்ணன்களாக இருந்திருக்கிறார்கள். ஒருத்தர் அனுப்பிய ஆளுக்கு அளவு நாடாவில் எந்தப் பக்கம் ஆரம்பம் என்பதே சந்தேகம். இன்னொருத்தர் அனுப்பியவன் வேலை தெரிந்தவன், ஆனால் யாரோடாவது சண்டை போட்டால்தான் அவனுக்குப் பொழுது விடியும். அவரவர் பட்டறையில் யார் தொலைந்தால் நிம்மதியோ அவரைத்தான் பொறுக்கி அனுப்பியிருக்கிறோம். சொன்ன சொல்லைக் காப்பாற்றியது தெருமுனையில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிறாரே, ஒற்றை மிஷின்காரர், அவர் மட்டும்தான். பட்டறையைப் பூட்டிவிட்டு மருமகனையும் கூட்டிக்கொண்டு தானே வந்து நின்றார். இரண்டு கைகள் எத்தனை கோணலை நிமிர்த்த முடியும்? மூலைமட்டம் வைத்துப் பார்த்த எஞ்சினியர், ஏற்றின சட்டம் முழுக்கக் கோணல், அறுத்துப் போடுங்கள், இல்லையென்றால் வெளியூர் கம்பெனிக்குக் கொடுத்துவிடுகிறேன், அவர்கள் வர அடுத்த வருஷம் ஆகும் என்று சொல்லிவிட்டாராம். ஒற்றை மிஷின்காரர்தான் காலில் விழாத குறையாகத் தவணை கேட்டிருக்கிறார். இதெல்லாம் காதில் விழுந்தும் நான் கேட்டுக்குப் பெயின்ட் என்ன நிறம் அடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் ஒற்றை மிஷின்காரரும் அவர் மனைவியும் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு நம் பட்டறைக்கு வந்தார்கள். தீக்குச்சிக்கு உடம்பு சரியில்லையே, ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம், வீடு எங்கே என்று என்னிடம் கேட்க வந்திருக்கிறார்கள். அவள் அவர்களுக்கு நேர் எதிரே உட்கார்ந்து பொறி பறக்க கேட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். ஆள் அரவம் கேட்டுத் தட்டைத் தூக்கிப் பார்த்தாள். என் முகத்தில் ஈயாடவில்லை. அவர் முகம் ஒரு நொடி மாறியது, அவ்வளவுதான். உடம்பு தேவலையாம்மா, ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிப் பழத்தை என் மேஜையில் வைத்தார். வரேண்ணே என்று என்னிடமும் சொல்லிக்கொண்டு போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர்கள் தலை மறைந்ததும், எனக்கு என்ன நோவு முதலாளி என்று கேட்டாள். மஞ்சள் காமாலை என்றேன். பொம்பளை வேணாம்னு சொன்னது அவங்களா, நீங்களா என்றாள். பழப் பையை அவள் பக்கம் நகர்த்தினேன். ஒரு ஆரஞ்சை எடுத்து என் முன்னாலேயே நிதானமாக உரித்துத் தின்றாள், தோலை மேஜைமேல் வைத்தாள், நோயாளிக்கு லீவு உண்டுல்ல என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் வேலைக்கு வரவில்லை.

இதுவரைக்கும்கூட மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன், அத்தைதான் என்னை உடைத்துவிட்டாள். டயாலிசிஸுக்காக விடியற்காலையில் பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போய்ப் பொழுது சாய்ந்து துவண்டு வருகிறாளே, அவளைக் கைபிடித்து இறக்கப் போயிருந்தேன். அவளோடு போய்வருகிற இன்னொரு அம்மா என்னைப் பார்த்து, நீங்கதானா அந்தத் தம்பி, உங்க அக்கா, என் தம்பி போடுற கூரைக்குக் கீழே படுத்துக்கிட்டே ரத்தம் சுத்தம் பண்ணிக்கப் போறேன்னு பஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வர்றாங்க என்றார். அத்தை வெட்கத்தோடு சிரித்தாள். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது எனக்கு. சொந்த அக்காளின் கூரை அது, மகளே. அதில் போய்க் கையை வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தீக்குச்சி எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தாள், ஒற்றை மிஷின்காரரோடு சேர்ந்து கோணலாகப் பற்றவைத்ததையெல்லாம் அறுத்துக்கொண்டிருந்தாள். எல்லோர் முன்னாலும் நான் செய்ததைச் சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த முனையைப் பிடிங்க என்றாள். பிடித்தேன். இன்றுவரைக்கும் அதுதான் என் வேலை, அவள் சொல்கிற இடத்தில் பிடிப்பது. ஆட்டாதீங்க முதலாளி என்று நாளைக்குப் பத்துத் தடவை அதட்டுகிறாள். நான் முனையைப் பிடிக்கிற செய்தி தெருவுக்குள் போனதும் மற்ற இருவரும் அசடு வழிய வந்து நின்றார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் நல்ல ஆட்களையும் அனுப்பினார்கள். உன் மாமாவைக் கீழேயே வைத்துக் கம்பி எண்ணச் சொல்லியிருக்கிறோம், அதில் தூங்கினால் யாருக்கும் சேதமில்லை. கல்யாண மண்டபத்துக்காரர் கேட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தீக்குச்சி நம் பட்டறைக்குத் திரும்பி வருவாளா என்று கேட்டேன், கூரை ஏறட்டும், அப்புறம் பாக்கலாம் என்றாள். மழைக்குள் ஏறிவிடும் என்றுதான் நினைக்கிறேன். முன்னே மாதிரி சத்தியம் எல்லாம் பண்ண மாட்டேன். அத்தையிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குப் பஸ் ஏற்றிவிடும்போது சொல்லியாக வேண்டும்.

நீ யாரோடு சேர்ந்து எந்த வேலை செய்தாலும், கொடுக்கிறேன் என்று சொன்னதைக் கொடு, அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லாவிட்டாலும் சொல்கிறேன். ராத்திரி கண் விழிக்காதே. அம்மாவின் ஆசியும், அத்தையின் முத்தமும், என் ஆசி இன்னும் செல்லுபடியாகும் என்றால் அதுவும் உனக்கு. மறக்காமல் ஒன்று செய், கண்ணு. அந்தப் படத்தைக் கிட்டத்தில் போய்ப் பார். எனக்குப் பின்னால், கதவோரத்தில், ஒல்லியாக ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்பாள். இருக்கிறதிலேயே நல்ல கை என்று நான் சொன்ன நேரத்தில் எடுத்த படம் அது, தன்னைத்தான் சொல்கிறேன் என்று நம்பிச் சிரிக்கிறாள். என்னை வெட்டி எடுத்துவிட்டு அவளை மாட்டி வை.

இப்படிக்கு,
முனையைப் பிடித்துக்கொண்டிருக்கும்
உன் அப்பா