நிற்காமல் சுற்றிய மீட்டர்

என்னங்க,

பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. இருபத்தெட்டு வருஷம் இப்படியே கூப்பிட்டாயிற்று, இனிமேல் மாற்றி என்ன ஆகப்போகிறது? அங்கே எத்தனை பேர் இருந்தாலும் இந்தக் குரலுக்கு நீங்கள்தான் திரும்பிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அறுவடை முடிந்தது. ஆறு இந்த வருஷம் கரைக்குள்ளேயே ஓடியது. சிவப்புப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. நல்ல சேதி இவ்வளவுதான். இனி கரண்டு பில்லுக்கு வருகிறேன், மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் இருந்தவரை அந்தக் காகிதத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. மாதம் ஒருமுறை சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போய்க் கட்டிவிட்டு வருவீர்கள். இப்போது என் கைக்கு வருகிறது. கன்னியாஸ்திரிகளிடம் நாலு வருஷம் படித்த பிரெஞ்சை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். முதல் பில் வாயைப் பிளக்க வைத்தது. அடுத்தது அதைப்போல ஒன்றரைப் பங்கு. மூன்றாவதைப் படித்துவிட்டு என் பிரெஞ்சின் மீதே சந்தேகம் வந்து மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

நானும் வேலைக்காரி முனியம்மாளும் இருக்கிற வீடு. எரிகிற பல்பு மூன்று. அதிலும் ஒன்றைச் சாப்பாடு முடிந்ததும் அணைத்துவிடுகிறேன். பில் மட்டும் கல்யாண வீட்டுப் பில்லாக வருகிறதே, இது என்ன அக்கிரமம்? ஆபீசுக்கே போய்க் கேட்டேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர், "மதாம், மீட்டர் பொய் சொல்லாதுங்க" என்றார். "அப்போ நான் சொல்றனா?" என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கட்டிவிட்டு வந்தேன்.

வந்து எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தால், உள்ளே இருக்கிற சக்கரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது! பல்பு போடாத ஓட்டை ஏழெட்டு இருக்கிறதே, அது வழியாகத்தான் கரண்டு ஒழுகுகிறது என்று முடிவுகட்டி, மடையை அடைக்கிற மாதிரி ஒவ்வொன்றிலும் துணியைச் சுருட்டிக் கட்டினேன். சிரிக்காதீர்கள். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற குடும்பத்துக்கு வேறு எப்படி யோசனை போகும்?

முனியம்மாள் வேறு மாதிரி யோசித்தாள். "ஐயாதாம்மா வந்து வெளக்கப் போட்டுக்கினு பேப்பர் படிக்கிறாரு" என்றாள். "வந்தா எங்கிட்ட ஒரு வார்த்த பேசாம பேப்பரா படிப்பாரு?" என்று அவள்மேல் பாய்ந்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், உயிரோடு இருந்தபோதும் நீங்கள் அதைத்தானே செய்தீர்கள்?

இந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் தம்பி உள்ளே நுழைந்தார்.

அவரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் சொல்லுவேன், ஆறு வருஷமாக அடக்கிவைத்தது. பாகம் பிரிந்தபோது வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தீர்கள். கிணற்றுக்கு மேலேயும் சுவர், ஆளுக்கொரு ராட்டினம். முருங்கை மரத்தில் கிழக்குக் கிளை நமக்கு, மேற்குக் கிளை அவருக்கு என்று பத்திரம் எழுதுகிற நொத்தேர் அதிலேயே எழுதினார். கரண்டு நம் பக்கம் வந்தது. அவர் மண்ணெண்ணெய் விளக்கில் மூன்று மாதம் இருந்தார். அதற்குள் கொம்யூன் கவுன்சில் தேர்தலில் ஜெயித்தார், ஜெயித்த வாரமே அவர் வீட்டிலும் பல்பு எரிந்தது. "கவுன்சிலருன்னு மரியாத வச்சு சர்க்காரே ஓசில குடுக்குது" என்று வில்லியனூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "தம்பிக்கு ஓசி, நமக்கு மட்டும் பில்லா?" என்று உங்களிடம் எத்தனை சண்டை போட்டேன்! நீங்கள் மீசைக்குள்ளேயே சிரித்தீர்கள்.

நீங்கள் இருந்தவரை உங்களோடு ஒரு பேச்சில்லாமல் இருந்தவர், நீங்கள் போனதும் தலைதலையாய் அடித்துக்கொண்டு அழுதார். கருமாதி முடிந்த மறுநாளிலிருந்து எனக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்தார். அன்றைக்கு உள்ளே வந்தவர், மூன்றாவது பில்லை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார்.

"இன்னா அண்ணி இது! ரெண்டு பேரு கீற வூட்டுக்கு இம்மாம் பில்லா? எங்க வூட்ல ஃபேன் ஓடுது, ரேடியோ பாடுது, கரண்டு அடுப்புல வெந்நீ காயுது. எல்லாம் போன பொங்கலுக்கு அப்பறம் வாங்கனதுதான். நான் எப்பனா அலட்டிக்கிறனா?"

"உங்களுக்கு ஓசி தம்பி."

"அது வேற. பொம்பள தனியா வூட்ட பாத்துக்க முடியாதுன்றதுக்கு இதான் அத்தாட்சி. சாவிய எங்கிட்ட குடுத்துட்டு மண்ணாடிப்பட்டுல பொண்ணு வூட்டுக்குப் போய் நிம்மதியா இருங்க. வெள்ளிக்கெழம பங்காளிங்கள வரச் சொல்லிக்கிறேன். பேசி முடிச்சிடலாம்."

என்னங்க, நம் பெண் தங்கமானவள், மாப்பிள்ளையும் நல்லவர். ஆனால் அங்கே நான் விருந்தாளி. உப்பு எந்த ஜாடியில் இருக்கிறது என்று கேட்டு எடுக்கவேண்டிய இடம். இங்கே கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன். நீங்கள் படுத்திருந்த இடம் இங்கேதான் இருக்கிறது. அந்தச் சாவி போனால் எனக்கு என்ன மிச்சம்? மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வயர்மேனை வரவழைத்தேன். நம் வீட்டுக்கு முதன்முதலில் கம்பி இழுத்தாரே, அதே கிழவர். மீட்டரைப் பார்த்தார், உத்தரத்தைப் பார்த்தார், தன் குடையைப் பார்த்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. "அம்மா, மெயின நிறுத்திட்டு சும்மா காத வச்சுக் கேளுங்க. எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பக்கம் பங்காளிகள் வந்தாயிற்று. ரேடியோவில் நாதஸ்வரம். அதற்கு மேல் உங்கள் தம்பியின் குரல்: "அண்ணிக்கு வரவு தெரியாது, செலவு தெரியாது, கரண்டுன்னா இன்னான்னே..."

நான் மெயினை இழுத்தேன்.

நாதஸ்வரம் பாதியில் நின்றது. "அய்யய்யோ, கரண்டு போச்சு!" என்று தனலட்சுமி கத்தினாள், அவர் சம்சாரம். மெயினைப் போட்டேன். நாதஸ்வரம் வந்தது. இழுத்தேன், போயிற்று. போட்டேன், வந்தது. எத்தனை தடவை செய்தேன் என்று தெரியாது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தேன். நீங்கள் போனபிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். பிறகு என்ன நினைத்தேனோ, மெயினை இழுத்தபடியே விட்டேன்.

உங்கள் தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "உங்க வூட்லயும் போச்சா அண்ணி? சர்க்காருக்கு எழுதறேன் பாருங்க!"

"எழுதலாம் தம்பி. அதுக்கு முன்னாடி இதக் கொஞ்சம் போடுங்க."

போட்டார். சுவருக்கு அப்பாலிருந்து தனலட்சுமி, "வந்துடுச்சு!" என்றாள். இழுத்தார். "போயிடுச்சு!" மறுபடி போட்டார். "வந்துடுச்சு! இன்னாங்க, அங்க இன்னா வெளையாட்டு?"

அவர் கை மெயின் மேலேயே இருந்தது. முகத்தில் ஈயாடவில்லை. வாசலில் இருந்த கிழவரை உள்ளே கூப்பிட்டேன். இனிமேல் மறைத்து என்ன லாபம் என்று அவரும் சொல்லிவிட்டார்.

"பெரியவருதான் உத்தரத்து மேலயே கம்பிய அந்தாண்ட இழுக்கச் சொன்னாரு. 'தம்பிகிட்ட சர்க்காரு குடுத்ததுன்னு சொல்லு. நான் குடுத்தன்னு தெரிஞ்சா ரோஷத்துல இருட்டுலயே உக்காந்துக்குவான், புள்ளைங்க படிக்கணும்'னாரு. சத்தியம் வாங்கிக்கினாரு. அதாம்மா நான் வாயத் தெறக்கல."

உங்கள் தம்பி நெல் மூட்டைமேல் உட்கார்ந்தார். கவுன்சிலர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அண்ணன் வெளிச்சத்துல குந்திக்கினு அண்ணனையே திட்டிக்கினு இருந்தனே அண்ணி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பங்காளிகள் காபி குடித்துவிட்டுப் போனார்கள். சாவிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அடுத்த பில் வந்தபோது அவரே வந்து வாங்கிக்கொண்டு போய்க் கட்டினார். கரண்டு அடுப்பு இப்போது பரணில் இருக்கிறது. வெளியில் மட்டும் அது சர்க்கார் கரண்டுதான். அந்த மானத்தை நானும் காப்பாற்றுகிறேன்.

என்னிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அரிவாளை எடுத்துப் போய் அந்தக் கம்பியை வெட்டியிருப்பேன். அது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் மீசைக்குள் சிரித்தீர்கள், இல்லையா?

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆறு வருஷம் சுவரைத் தாண்டி வெளிச்சத்தை அனுப்பினீர்களே, ஒரே ஒரு நாள் அந்தச் சுவரோரம் நின்று "டேய் தம்பி" என்று கூப்பிட்டிருக்கக் கூடாதா? நேற்று அவரைக் கேட்டேன், கூப்பிட்டிருந்தால் வந்திருப்பீர்களா என்று. "செருப்பு கூட போடாம ஓடியாந்திருப்பேன் அண்ணி" என்றார்.

நான் அப்படி இருக்கமாட்டேன். என் மூச்சு இருக்கும்வரை அந்தக் கம்பி அப்படியே இருக்கும். தினமும் ஒருமுறையாவது அந்தப் பக்கம் பார்த்து, "தம்பி, சாப்டீங்களா?" என்று வாய்விட்டுக் கேட்பேன். இது உங்கள்மேல் சத்தியம்.

உங்கள் மனைவி,
உங்கள் தம்பிக்கு அண்ணி.