அங்கமுத்துவின் உயிரைக் கேட்ட அக்காவுக்கு

அக்கா,

உங்களுக்குக் கடிதம் எழுதுவதற்காக ‘மன்னிக்க வேண்டும்’ என்று தொடங்கினேன். பிறகு அடித்துவிட்டேன். அந்தச் சொல்லை நீங்கள் யாருக்கும் எளிதில் கொடுத்ததில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இருந்த காலத்திலேயே உங்களுக்கு எழுத்து தெரியாது. எந்தக் காகிதம் வந்தாலும் நான்தான் படித்துச் சொல்வேன். இதை உங்களுக்கு யார் படித்துச் சொல்லப் போகிறார்கள்? தெரிந்தும் எழுதுகிறேன். நேரில் பேசினால் நான் பாதி வார்த்தையை விழுங்கிவிடுவேன். காகிதத்தில்தான் எனக்கு முழு வாக்கியம் வருகிறது.

இன்று காலை கடைக்குள் கொள்ளு வேகும் வாசனை. யுத்தத்தினால் பெட்ரோல் கிடைப்பதில்லை. பஸ்கள் பாதி நின்றுவிட்டன. ஓடுகிறவையும் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு காவேரிப் பாலத்தில் ஏறத் திணறுகின்றன. ஒதுங்கிப்போயிருந்த குதிரை வண்டிகள் ஸ்ரீரங்கம் ஸ்டாண்டுக்குத் திரும்பி வந்துவிட்டன. அப்பாவின் கொள்ளுக் கடைக்கு மறுபடி உயிர் வந்திருக்கிறது. இந்தக் கடையில் நீங்கள் கொள்ளு அவித்த, நீங்கள் போன பிறகு யாரும் தொடாமல் கிடந்த பெரிய பானையை அப்பாவே தேய்த்து அடுப்பில் ஏற்றினார். ஏற்றிவிட்டு, “இவ்வளவு உப்புப் போதுமான்னு கேக்க ஆளில்லை” என்றார்.

அந்த அடுப்பின் முன்னால் நான் நின்றிருந்தபோதுதான் அங்கமுத்து வந்தான். ஆமாம் அக்கா, ஜெயிலிலிருந்து விடுதலை ஆகிவிட்டான். தலை முழுக்க நரைத்துவிட்டது. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவிலேயே நின்றான். உங்களைத் தேடித்தான் வந்திருந்தான். நீங்கள் உயிரோடு இல்லை என்று நான்தான் சொன்னேன். பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். அதற்குப் பதில் சொல்லாமல் “வெள்ளிக்கிழமை வாங்க” என்று அனுப்பிவிட்டேன். அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்குள் உங்களோடு கொஞ்ச நேரம் இருந்துகொள்கிறேன்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம்தான் அது நடந்தது. உங்கள் வீட்டுக்காரரும் அங்கமுத்துவும் ஒரே ஸ்டாண்டில் வண்டி ஓட்டியவர்கள். உங்கள் கையால் அங்கமுத்து எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறான், உங்களை அண்ணி என்றுதான் கூப்பிடுவான். ஒரு விடியற்காலையில் இருவரும் குதிரைகளைக் குளிப்பாட்ட வண்டியோடு கொள்ளிடத்துக்குப் போனார்கள். திரும்பி வந்தது குதிரைகள் மட்டும். ஸ்டாண்டில் யார் முதலில் நிற்பது என்ற பழைய சண்டை. வண்டியிலிருந்த இரும்புக் கம்பியால் அங்கமுத்து அடித்திருந்தான். கோபத்தில் ஒரே அடி, அப்போதே உயிர் போய்விட்டது என்று அவனுடைய வக்கீல் கோர்ட்டில் சொன்னார். அவன் வாயே திறக்கவில்லை. தூக்குத் தண்டனை என்று தீர்ப்பானது.

உங்கள் மைத்துனர்கள் எங்கள் கடை வாசலில் வண்டிக்காரர்களுக்கெல்லாம் வெற்றிலை பாக்கு கொடுத்தார்கள். “அவனைத் தூக்குல போடற அன்னிக்குத்தான் எங்களுக்குச் சோறு இறங்கும்” என்றார் பெரியவர்.

கொள்ளைப் புடைத்துக்கொண்டிருந்த நீங்கள் தலை நிமிராமலே கேட்டீர்கள். “சரி, இறங்கட்டும். மறுநாள்?”

“மறுநாள் என்ன?”

“மறுநாள் எனக்கு என்ன இருக்கு? அந்தக் காலையில என்ன நடந்துச்சு, அவரு என்ன சொன்னாரு, வலிச்சுதா, யாரைத் தேடினாரு, ஒண்ணும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சவன் ஒருத்தன்தான். அவனையும் கொன்னுட்டா நான் யாரைப் போய்க் கேப்பேன்?”

பெரிய மைத்துனர் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு போனார். அன்று மாலையே தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. ‘புருஷனைக் கொன்னவனுக்கு இவ ஏன் பரிஞ்சு பேசறா?’ அதன் அர்த்தம் எனக்கே புரிந்தது. உங்களுக்குப் புரியாமல் இருக்குமா?

கவர்னருக்குக் கருணை மனு போட வக்கீல் குமாஸ்தா வந்தார். செத்தவரின் மனைவி கையெழுத்துப் போட்டால் மனுவுக்குப் பலம் என்றார். இங்கிலீஷில் எழுதிக் கொண்டுவந்திருந்ததை நான் தமிழில் சொல்லச் சொல்ல நீங்கள் கேட்டுக்கொண்டு வந்தீர்கள். ‘முழு மனதோடு அவனை மன்னித்துவிட்டேன்’ என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினீர்கள்.

“நான் எப்போ மன்னிச்சேன்?”

“அப்படி எழுதினாத்தாம்மா மேல இருக்கறவங்க மனசு இளகும்” என்றார் குமாஸ்தா.

“அவங்க மனசு இளகறதுக்கு நான் பொய் சொல்லணுமா? நான் மன்னிக்கல. என்னைக்கு மன்னிப்பேன்னும் தெரியாது. அவன் உசுரோட இருக்கணும். அவ்வளவுதான். ஏ காலேஜு, அப்படியே எழுதுடி.”

குமாஸ்தா சிரித்தார். “இப்படி ஒரு மனுவை நான் பாத்ததே இல்லை.”

“இப்போ பாருங்க.”

அதுவரை பரீட்சைக்கும் லீவுக்கும் தவிர நான் இங்கிலீஷ் எழுதியதில்லை. இந்தப் பெண் அவனை மன்னிக்கவில்லை, அவனைக் கொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்கிறாள், அவனிடம் கேட்க அவளுக்கு ஒன்று இருக்கிறது என்று எழுதினேன். நீங்கள் பெருவிரலில் மையைத் தடவி அழுத்தி வைத்தீர்கள். அது மேலே போய் யார் மனதைத் தொட்டதோ, வேறு என்ன காரணமோ, தூக்கு ஆயுள் தண்டனையாக மாறியது. நான் பி.ஏ. படித்ததில் உருப்படியாக என்ன செய்தேன் என்று யாராவது கேட்டால் அந்த ஒரு பக்கத்தைத்தான் சொல்வேன். அதை எழுத வைத்தது நீங்கள்.

முதல் தடவை ஜெயிலுக்குப் போனபோது ஸ்டாண்டில் ஒரு வண்டிக்காரனும் நம்மை ஏற்றிக்கொள்ளவில்லை. “அண்ணனைக் கொன்னவனைப் பாக்க என் குதிரை போகாது” என்றான் ஒருவன். “உன் குதிரைக்கு நேத்து வரைக்கும் கொள்ளு அவிச்சுப் போட்டது யாருடா? அதைக் கேட்டுப் பாரு, அது வரும்” என்று சொல்லிவிட்டு நடந்தீர்கள். வயசுப் பெண் ஜெயில் வாசலில் நிற்பதா என்று அம்மா அழுதாள். படித்தவள் ஒருத்தி பக்கத்தில் இருந்தால் வார்டர் மரியாதையாகப் பேசுவான் என்று அப்பா அனுப்பினார். ஜங்ஷன் வரை பஸ், அப்புறம் வெயிலில் நடை.

“கைதிக்கு நீ என்ன உறவு?” என்று கேட்டார் வார்டர்.

“என் புருஷனைக் கொன்னவன். அதைவிடப் பெரிய உறவு என்ன வேணும்?”

அவன் உங்களை அண்ணி என்று கூப்பிடுவான் என்று நான் சொன்னதும் அவர் ‘அண்ணி’ என்று எழுதிக்கொண்டார்.

கம்பிக்கு அந்தப் பக்கம் அங்கமுத்து வந்து நின்றான். நீங்கள் நலம் விசாரிக்கவில்லை. “அவரு கடைசியா என்ன சொன்னாரு?” என்று நேரே கேட்டீர்கள். அவன் அழுதான். “‘என் பொண்டாட்டியைப் பாத்துக்கோ’ன்னு சொன்னாரு அண்ணி” என்றான். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வெளியே வந்ததும் நீங்கள், “எதுக்குடி அழறே? பொய் சொல்றான். அந்த மனுஷன் ஒரு நாளும் என்னைப் பொண்டாட்டின்னு சொன்னதில்லை. ‘வீட்ல’ன்னுதான் சொல்வாரு” என்றீர்கள்.

“அப்போ அவன்கிட்டயே சொல்லியிருக்கலாமே அக்கா?”

“எதுக்கு? அடுத்த வருஷம் கேப்போம்.”

அடுத்த வருடமும் கேட்டீர்கள். அதே பதில். அதற்கடுத்த வருடமும் அதே. “சரி, வரேன்” என்று எழுந்துவிடுவீர்கள். அவன் முகம்தான் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் சிறுத்துப்போகும். ஜெயிலில் ஜமுக்காளம் நெய்கிறான் என்றும், யாரோடும் சண்டைக்குப் போவதில்லை என்றும் வார்டர் நல்லவிதமாகச் சொன்னார். “அடங்கி இருக்கறது வேற, திருந்தறது வேற. கட்டிப் போட்டா குதிரைகூட அடங்கித்தான் நிக்கும்” என்றீர்கள்.

கல்லூரியில் மரண தண்டனை நியாயமா என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். உயிருக்கு உயிர் வாங்கினால்தான் பறிகொடுத்தவர்களின் மனம் ஆறும் என்று தோழிகள் எல்லாரும் எழுதினார்கள். மனம் ஆறுவதைவிட உண்மை தெரிவதை விரும்பும் ஒருத்தியை எனக்குத் தெரியும் என்று நான் எழுதினேன். ‘யார் இந்தப் பெண்?’ என்று ஓரத்தில், எங்களுக்குப் பாடம் நடத்திய கன்னியாஸ்திரீ சிஸ்டர் எழுதியிருந்தார். உங்களிடம் படித்துக் காட்டினேன். “கொள்ளு அவிக்கறவள்னு சொல்லு” என்று சிரித்தீர்கள்.

நான் பட்டம் வாங்கிய வருடமும் ஜெயிலுக்குப் போனோம். அன்று நீங்கள் கேட்பதற்கு முன்பே அவன் சொன்னான். “அண்ணி, இத்தனை வருஷமா நான் சொன்னது பொய்.”

நீங்கள் கம்பிக்கு அருகே நெருங்கிப்போனீர்கள்.

“ஒரே அடியில போகல அண்ணி. வெயில் ஏறற வரைக்கும் உசுரு இருந்துச்சு. ‘அங்கமுத்து, தண்ணி’ன்னு கேட்டாரு. என் பேரைச் சொல்லித்தான் கேட்டாரு. பக்கத்துலதான் கொள்ளிடம் ஓடுது. நான் குடுக்கல. பொழைச்சா என்னைச் சொல்லிடுவாருன்னு குடுக்கல. பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.”

வார்டர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இதைச் சொல்லும்படி அவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சொல்வதால் அவனுக்கு ஒரு நன்மையும் இல்லை. வெளியே வருகிற நாள்கூடத் தள்ளிப்போகலாம். நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். வழக்கமாகச் சொல்லும் “வரேன்” கூடச் சொல்லவில்லை.

அன்று பஸ் ஏறாமல் காவேரிப் பாலம் வரை நடந்தே வந்தோம். பாலத்தின் நடுவில் நின்று, “இது தெரிஞ்சிருந்தா அன்னிக்கு நான் கைநாட்டு வச்சிருக்க மாட்டேன்” என்றீர்கள். நாலடி நடந்துவிட்டு, “நல்லவேளை, தெரியல.”

“ஏன் நல்லவேளை?” என்று கேட்டேன்.

“அப்போ இருந்தவன் தண்ணி குடுக்காதவன்டி. அவனைத் தூக்குல போட்டிருந்தா எனக்கு ஒண்ணுமே தோணியிருக்காது. இன்னிக்குச் சொன்னான் பாரு, இவன் வேற ஆளு. இவன் வர்றதுக்கு இத்தனை வருஷம் ஆயிருக்கு. முன்னாடியே கொன்னிருந்தா இவன் எங்கேருந்து வருவான்?”

அதற்குப் பிறகும் நீங்கள் ஒவ்வொரு வருடமும் போனீர்கள். அவனிடம் எதுவும் கேட்கவில்லை. ஸ்டாண்டில் எந்தக் குதிரை செத்தது, எவன் வண்டியை விற்றான் என்று ஊர்க் கதை சொல்லிவிட்டு வந்தீர்கள். அதற்கு என்ன பெயர் என்று நான் படித்த எந்தப் பாடத்திலும் இல்லை.

போன மார்கழியில் காய்ச்சல் உங்களைக் கடைசியாகக் கிடத்தியபோது ஒரு மத்தியானம் துணிந்து கேட்டேன். “அவனை மன்னிச்சுட்டீங்களா அக்கா?”

“இல்லடி. முயற்சி பண்ணிப் பாத்தேன். தண்ணி கேட்ட குரலு காதுல வந்துடுது.” கண்ணை மூடிக்கொண்டீர்கள். தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன். “அவன் உசுரோட இருக்கான்ல?” என்றீர்கள்.

“இருக்கான் அக்கா.”

“இருக்கட்டும்.”

இப்போது அவனுடைய கேள்விக்கு வருகிறேன். அடுப்புக்கு எதிரே நின்று அவன் கேட்டது இதுதான். “பாப்பா, அண்ணி போறதுக்கு முன்னாடி என்னை மன்னிச்சாங்களா?”

‘ஆமாம்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவன் நிம்மதியாகப் போயிருப்பான். நாக்கின் நுனி வரை வந்தது. ஆனால் அது அவன் முதல் வருடம் உங்களிடம் சொன்னதைப் போன்ற பொய். கேட்கிறவர் அழுவதற்காகச் சொல்கிற நல்ல பொய். உண்மையைச் சொல்ல அவனுக்கு அத்தனை வருடம் பிடித்தது. அப்படிச் சொன்னவனிடம் நான் பொய் சொல்லக் கூடாது. வெள்ளிக்கிழமை வருவான். ‘அக்கா உங்களை மன்னிக்கவில்லை’ என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். பேச எப்போது கற்றுக்கொள்ளப் போகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, நீங்கள் கொடுத்த தைரியத்தில் அதைச் சொல்லிவிடுவேன். மனதில் இல்லாததை எழுதவும் சொல்லவும் எனக்கு இன்றுவரை முடியாமல் இருப்பது உங்களால்தான் அக்கா. அதற்கு நான் நன்றி சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

ஆனால் அதைக் கேட்டுவிட்டு அவன் எங்கே போவான்? ஸ்டாண்டில் அவனோடு யாரும் பேசுவதில்லை. அவனுடைய அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். அதனால் அந்த வாக்கியத்துக்குப் பிறகு இன்னொன்றும் சொல்ல நினைக்கிறேன். ‘உள்ளே வந்து சாப்பிட்டுட்டுப் போங்க.’ முதல் வாக்கியம் உங்களுடையது, அதற்கு நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டாவது என்னுடையது. உங்கள் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் கொடுக்காத கைக்கு நான் சோறு போடுவதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா, தெரியவில்லை. அப்பா சரி என்கிறார். அம்மா பேசவில்லை. நீங்கள் சம்மதிக்க வேண்டும் அக்கா.