கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

என் ஸ்டெல்லாவுக்கு,

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல உன் பள்ளிக்கூடத்து டீச்சர் குமுதா எழுதுகிறாள். ஆவடியில் ரயில் சத்தம் அப்படியே இருக்கிறது. என்னால்தான் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

நீ வகுப்புக்கு வகுப்பு போட்டு வைத்த நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள். வேலையில்லாத நேரத்தில் எந்த வாத்தியாரும் போய், இன்னொருவர் பாடம் நடத்துவதைப் பார்க்கலாம் என்று போட்டாயே, அவைதான்.

முதல் நாற்காலியை உன் வகுப்பில்தான் போட்டாய். உன்னை அழைத்துப்போக வந்த நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். புதிதாகச் சேர்ந்த வாத்தியார் பிரபுவை அதில் உட்காரவைத்து, பாடம் முடிந்ததும், "பசங்க எந்த இடத்துல புரியாம விட்டுட்டாங்க?" என்று கேட்டாய். அவன் நெளிந்துகொண்டே, "கழித்தல்ல கடன் வாங்குற இடத்துல, மிஸ்" என்றான். மறுநாள் அதையே திரும்ப நடத்தினாய். பார்த்ததை இரண்டு பேருக்குள் பேசிக்கொள்ள வேண்டும், மூன்றாவது காதுக்குப் போகக் கூடாது. அது ஒன்றுதான் உன் சட்டம். கண்ணை மூடுமுன் அதை யாரிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

உன் இடத்துக்கு வந்த புதிய ஹெட்மாஸ்டர் கெட்டவரில்லை. பார்த்ததைத் தன்னிடம் வந்து சொல்லச் சொன்னார். பிரபுவும் குமுதா வகுப்பில் ஒரே சத்தம் என்று சொல்லிவிட்டான். பிள்ளைகள் லிட்டர் கணக்குக்குத் தண்ணீர் அளந்த சத்தம் அது. அதை அவர் குறித்துவைத்து, மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் படித்துவிட்டார். அன்றிலிருந்து வகுப்புக் கதவுகள் சாத்தியே இருக்கின்றன. நாற்காலிகள் ஆபீசுக்குப் போய்விட்டன. குமுதாவுக்குப் பூந்தமல்லியில் வேறு பள்ளி கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். மெட்ரோ வேலையில் அங்கே பஸ் எங்கே நிற்கும் என்றே தெரியாது, ஆனாலும் போகிறேன் என்கிறாள்.

நேற்று பிரபு வீட்டுக்கு வந்தான்.

"நைனா, நான் கோள் சொல்லணும்னு சொல்லல. கேட்டாரு, வாய்ல வந்துடுச்சு."

"அவகிட்ட சொல்லேன்டா."

"மூஞ்ச திருப்பிக்கினு போறாங்க. ஆபீஸ்லேர்ந்து ஒரு சேரைத் தூக்கினு வந்து என் கிளாஸ்ல போட்டுட்டேன். இன்னாபா இதுன்னாரு எச்.எம். குமுதா மிஸ் வந்து குந்தட்டும் சார், என் கிளாஸ்ல எது சரியில்லன்னு எங்கிட்ட மட்டும் சொல்லட்டும்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"சேரை ஒரு தபா பாத்துட்டுப் போயிட்டாரு. எடுக்கல."

இங்கே குமுதா எழுதுவதை நிறுத்திவிட்டாள். "அங்கிள், இது மிஸ்ஸுக்கு எழுதுற மாதிரி இல்லையே. எனக்கு எழுதுற மாதிரி இருக்கு."

"நீ எழுதும்மா."

பேனாவை மூடினாள், திறந்தாள். ஜன்னல் பக்கம் பார்த்தாள். அப்புறம், "பிரபு சாருக்குத் திங்கக்கிழமை எத்தனாவது பீரியட்?" என்றாள். அதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. கேட்டாளே தவிர, அந்த நாற்காலியில் போய் உட்காருவாளா? திங்கட்கிழமை நானே போய் பிரபு வகுப்பு ஜன்னலோரம் நிற்பேன், ஸ்டெல்லா. நாற்காலியில் ஆள் இருந்தாலும், அது காலியாகக் கிடந்தாலும், பார்த்ததைக் கல்லறைக்கு வந்து உன்னிடம் மட்டும் சொல்வேன்.

இன்னும் உன்னை அழைத்துப்போக வந்தவன் போலவே நிற்கும்,
உன் வீட்டுக்காரன் சூசை