காலியிடம் என்று எழுதியிருந்த மணல்

சார், நேற்று ஐஸ் ஃபேக்டரியில் எங்கோ குழாய் கசிந்து அம்மோனியா நெடி கண்ணைக் கரித்தது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். நீங்கள் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, கக்கத்தில் வைத்திருந்த வரைபடச் சுருளை எங்கள் குப்பத்து மணலில் விரித்த அன்று வந்த அதே நெடி. அம்மோனியாவில் பிரிண்ட் போட்ட தாள், வாடை இன்னும் போகவில்லை என்றீர்கள். வாடை போவதற்குள் கொண்டுவர அப்படி என்ன அவசரம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்த எழுபதுகள் அவை. செங்கல்பட்டில் சம்பளக்காரர்கள் சேர்ந்து நடத்திய வீட்டுச் சங்கம் ஒன்று, எங்கள் குப்பத்தை ஒட்டிய சவுக்குத் தோப்பையும் அதன் முன்னால் கிடந்த மணலையும் காலனி கட்ட வாங்கியிருந்தது. நீங்கள் அதன் ஓவர்சியர். பஞ்சாயத்தார் என்னை உங்களோடு அனுப்பியது டேப் பிடிக்க அல்ல. எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் படிக்க வரும். "அந்தாளு இன்னா எழுதுறான், இன்னா அளக்குறான்னு பார்த்துக்கினே இரு" என்று சொல்லி அனுப்பினார்கள். அது உங்களுக்கும் தெரியும். தெரிந்தே எனக்கும் சேர்த்து டீ சொன்னீர்கள். அந்த டீயையும் சந்தேகத்தோடுதான் குடித்தேன்.

வரைபடத்தில் அந்த மணலைக் 'காலியிடம்' என்று எழுதி, அதன்மேல் ஒரு வரிசை வீடும் நீளமாக ஒரு மதிலும் போட்டிருந்தீர்கள். எங்களுக்கு அது காலி இல்லை. கரைவலை இழுக்கிறவர்கள் கயிற்றைப் பிடித்தபடி பின்பக்கமாகவே நடந்து நடந்து மேட்டுக்கு வருவார்கள். அந்த நடைக்கு மணல் வேண்டும். கடல் பொங்கும் நாளில் கட்டுமரங்களை ஏற்றி வைப்பதும் அங்கேதான். அங்கே மதில் வந்தால் கரைவலையை மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான். குப்பத்தில் பாதிப் பேருக்குப் பிழைப்பே அதுதான்.

இதைச் சொன்னோம். குறித்துக்கொண்டு போனீர்கள். திருத்திக் கொண்டுவந்த தாளில் மதிலுக்கு நடுவே ஒரு வழியும் அதற்கு ஒரு கேட்டும் இருந்தன. மீன் விற்கும் என் அத்தை கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"கேட்டு வெப்ப. சாவி யார் கையில இருக்கும்?"

நீங்கள் தாளைச் சுருட்டத் தொடங்கினீர்கள். உங்கள் முகம் சுண்டிப்போனதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அடுத்த தாளில் மதிலே இல்லை. முன்வரிசை வீடுகளும் இல்லை. மிச்ச வீடுகளைத் தோப்புப் பக்கம் நெருக்கித் தள்ளி, மணலை அப்படியே விட்டிருந்தீர்கள். எங்களுக்குக் கலக்கம் அப்போதுதான் கூடியது. கேட்டதற்கு மேல் ஒருவர் கொடுத்தால் யாருக்குத்தான் பயம் வராது? "இவ்ளோ எறங்கி வரான்னா உள்ள ஏதோ கீது" என்றாள் அத்தை. நான் தாளை வெயிலில் தூக்கிப் பிடித்து, அழித்த கோடு ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன்.

அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட நீங்கள் வந்த அன்று, கட்டுமரங்களை எல்லாம் மணலில் குறுக்கே இழுத்துப் போட்டுக் குப்பமே காவல் உட்கார்ந்தது. அன்றைக்குப் பார்த்துக் கரையோரமாக நெத்திலி வந்தது. தண்ணீர் கறுத்துக் கிடந்தது. பக்கத்துக் குப்பத்தில் வலை வளைத்துவிட்டார்கள்.

"மீன் வந்திருக்கு, போங்கப்பா" என்றீர்கள்.

"நீ மொத போ சாரு" என்றாள் அத்தை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனீர்கள். மேட்டில் ஏறி, நீங்கள் நிஜமாகவே போய்விட்டீர்களா என்று பார்த்து உறுதி செய்துகொண்டு நாங்கள் வலையைத் தூக்கியபோது, நெத்திலி பக்கத்துக் குப்பத்துக் கூடைகளில் இருந்தது. யாரும் எடுக்காத மணலைக் காத்து, வந்த மீனைக் கோட்டை விட்டோம்.

வீடுகள் எழும்பியதும் மணலை ஒட்டிய முதல் வீட்டுக்கு நீங்களே குடிவந்தீர்கள். "அதான பார்த்தேன்" என்று அத்தை கையைத் தட்டினாள். என்றைக்கு முன்னால் கொட்டகை இழுப்பீர்கள், என்றைக்கு வேலி போடுவீர்கள் என்று வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்வரிசைக்காரர்கள் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் இழுத்துக் கட்டினார்கள். உங்கள் வாசல் நகரவில்லை. கயிறு இழுப்பவர்களின் முதுகு வாசலை நெருங்கும்போது நீங்கள் எழுந்து, சாய்வு நாற்காலியை மடித்து உள்ளே கொண்டுபோவீர்கள்.

"இடம் போதுதாப்பா?" என்று ஒருநாள் கேட்டீர்கள்.

"உன் வூட்டைத்தான் இன்னும் கொஞ்சம் தள்ளிக் கட்டியிருக்கலாம் சார்."

"அதை வரையறப்பவே சொல்றதுக்கு இன்னா?" என்று சிரித்தீர்கள். அப்போதும்கூட, இந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன்.

உங்களை நம்புகிறேன் என்று கடைசிவரை சொன்னதில்லை. அதற்காக வருந்தவும் இல்லை. நாங்கள் நம்பியிருந்தால் முதல் தாளே முடிவாகியிருக்கும். ஆனால் நீங்கள் இல்லாதது எனக்குப் பெரிய குறை, சார். குப்பத்தில் ஒருவர் செத்தால் அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. வெளியாளுக்கு அந்த வழக்கம் கிடையாது. நீங்கள் போன அன்று கடலுக்குப் போகாதே என்று பஞ்சாயத்தில் யாரும் சொல்லவில்லை. ஒரு மரமும் கடலில் இறங்கவில்லை.

இப்போதும் இந்த மணலைக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். காரில் வந்து, போனில் படம் காட்டுகிறார்கள். மரம், நீச்சல் குளம் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. குப்பத்தார் என்னைத்தான் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். நான் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்பேன்: "இதுல உங்க வூடு எது சார்?"

இதுவரை ஒருவரும் விரல் வைத்துக் காட்டவில்லை.